அம்மாவுக்குத் தெரிந்த இரைச்சல்

ரிவர்ஸ்டன் மலையில் நடந்த பரிசோதனை இசை விழாவுக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கென்று கம்பஸ் போனவன் நான். இந்த இசையை அம்மாவுக்கு நானே விளக்கிவிடலாம் என்ற நினைப்பு எனக்கு.

மேடையில் ஓர் இளைஞர் லெப்டொப்பைத் தட்டினார். ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரே இரைச்சல்.

"மழையும் காத்தும் சேர்ந்த உணர்வும்மா இது" என்றேன்.

தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். "மழையுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. தேயில சலிக்கிற மெஷின்டா. பெல்ட்டு வேற லூசா ஓடுது."

பக்கத்தில் கம்பஸ் நண்பர்கள் இருந்தார்கள். வெட்கத்தில் அம்மாவின் கையை அழுத்தி, "சும்மா இரும்மா" என்றேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

நாங்கள் இருந்தது முன்வரிசை என்பதால் அம்மா சொன்னது மேடைவரை கேட்டிருக்கிறது. வாசித்து முடித்ததும் அந்த இளைஞர் நேரே அம்மாவிடம் வந்தார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? ஒரு தேயில ஃபெக்டரியில போய் நான் ரெக்கோட் பண்ணின மறுநாளே பெல்ட் அறுந்துபோச்சாம்!"

"இருபது வருசமா அந்த மாதிரி மெஷின்கூடத்தானே தம்பி மல்லுக்கட்டுறேன்!"

நண்பர்கள் கைதட்டினார்கள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடு. அந்தத் தம்பி நல்லாத்தான் வாசிச்சாரு, என்ன?" என்றார் அம்மா.

நல்லாயிருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளக்கம் சொல்கிற அவசரத்தில் நான் அதைக் கேட்கவேயில்லை.