ஊருக்கு ஓர் இடம்

ஊர்த் தலைவர் உத்திராபதியின் பின்னால் வந்து நின்ற பெண்ணைப் பார்த்ததும் மலர்க்கொடி டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரவேண்டியவள் தீபிகா. வந்திருப்பவள் தேர்வே எழுதாத ப்ரீத்தி. சிதம்பரம் பாலிடெக்னிக்கில் அன்று சேர்க்கை நாள். பன்னிரண்டு மணிக்குள் சேராவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். மணி பதினொன்றரை.

மலர்க்கொடி குறிஞ்சிப்பாடிக்காரர். கடலூர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கடிதம் போட்டால் காரியம் நடக்கும் என்று நம்புகிற ஜாதி. அவர் குடியிருந்த செம்மண்டலத்துத் தபால்காரருக்கு அவரால்தான் வேலையே. கடலோரப் பெண்கள் கணக்கில் நூறு வாங்கிவிட்டு மீன்கூடை தூக்கப் போவது பொறுக்காமல் 2005-இல் எழுதத் தொடங்கினார். பாலிடெக்னிக்குக்கு, தொழிற்சாலைகளுக்கு, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு என்று விடாமல் எழுதி, மூன்றே வருடத்தில் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். பள்ளிகள் தேர்வு வைக்கும். தேறியவருக்குச் சிதம்பரத்தில் டிப்ளமோ, கடலூர்த் தொழிற்சாலையில் பயிற்சி, பிறகு வேலை. முதல் வருடம் மொத்தமே ஐந்து இடம்.

அதில் ஒன்றைத் தட்டிச் சென்றவள் கடலூர்த் தேவனாம்பட்டினத்தை அடுத்த மீனவக் குப்பத்துத் தீபிகா. பெண்ணை விடுதிக்கு அனுப்ப ஊர்ப் பஞ்சாயத்து சம்மதிக்க வேண்டுமே. டீச்சர் அவர்களுக்கும் ஒரு கடிதம் போட்டார். மனம் குளிரட்டும் என்று, 'உங்கள் ஊருக்கு ஓர் இடம் கிடைத்துள்ளது' என்று எழுதினார். தீபிகாவின் பெயரை எழுதவில்லை. அது ஊருக்கே தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்.

"தீபிகா எங்கங்க?" என்றார் இப்போது.

"குலுக்கல்ல இந்தப் பொண்ணு பேருதான் விழுந்துச்சு டீச்சர்," என்றார் உத்திராபதி. "ஊருக்கு எது வந்தாலும் சீட்டுப் போட்டுதான குடுப்போம். சுனாமி நிவாரணமா வந்த படகு, வலை எல்லாம் அப்படித்தான குடுத்தோம்."

"இது அந்தப் பொண்ணு பரீட்ச எழுதி வாங்குன இடங்க."

"நீங்கதான ஊருக்குன்னு எழுதியிருந்தீங்க."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். டீச்சரின் கையெழுத்துதான். கார் பிடித்தாலும் கடலூரிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அது தெரிந்தும் தீபிகா வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏண்டி, உம் பேரு வரலன்னதும் எங்கிட்ட ஓடி வந்திருக்க வேணாமா?"

"எம் பேரு சீட்டுலயே இல்ல டீச்சர். எங்க அப்பாவுக்கு முன்னாடியே சுனாமிப் படகு விழுந்துச்சில்ல. வாங்குன வீட்டுக்கு மறுபடி கெடையாதுன்னுட்டாங்க."

"எல்லார் பேரும் எழுதிட்டு உன்னத் தவுர்த்தது யாருடி?"

"நான்தான் டீச்சர் எழுதுனேன். எங் கையெழுத்து நல்லாருக்கும்னு என்னயத்தான் எழுதச் சொன்னாங்க."

பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் குமாஸ்தா வெளியே வந்து, காத்திருப்புப் பட்டியலிலிருந்து வேறு பள்ளிப் பெண் ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டார்.