மேசைக்கடியில் கால்கள்

யார் மேசைக்குப் போனாலும் கணினித் திரையைப் பார்க்க மாட்டார். குனிந்து மேசைக்கடியில் இருக்கும் கால்களைப் பார்ப்பார். கையில் வெந்நீர் டம்ளர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, ஏதோ நினைவாக நிற்பதுபோல ஒரு நிற்பு. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. புதிதாக வருகிறவர்கள் முதலில் மிரண்டுபோவார்கள், இந்த அம்மா எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று.

"வேலை கையில ஓடுச்சுன்னா கால் அடங்கிரும். செருப்பு தானா கழண்டு கிடக்கும். வேலை சிக்கி முழிச்சா, கால் தையல் மிஷின் மிதிக்கும்" என்பார். வலைத்தளம் எழுதியே தலை நரைத்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய செருப்போ, காலையில் கழன்றால் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் காலில் ஏறும்.

வீட்டிலும் இதே கூத்து. காய் நறுக்கும் கத்தி வாங்கப் போனால் அதைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றுகொள்வார். "நறுக்கறது நீங்க. நீங்களே பிடிச்சுப் பாருங்க." கடைக்காரர் கத்தியின் பளபளப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போவார், அக்கா கணவரின் மணிக்கட்டையே பார்த்திருப்பார். "இவளோட ஒரு கரண்டி வாங்கறதுக்குள்ள அடுத்த வேளைப் பசி வந்துருது" என்று அந்த மனுஷன் புலம்பாத நாளில்லை.

இந்தமுறை வாங்க வேண்டியது கரண்டி இல்லை. மருத்துவமனை முன்பதிவுத் தளம் ஒன்றை அடியோடு திருப்பி எழுதப் போகிறார்கள். எந்த ஃபிரேம்வொர்க்கில் எழுதுவது, அதாவது தளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகங்களில் எதை எடுப்பது என்று அக்காதான் சொல்ல வேண்டும். எடுத்துவிட்டால் வருடக்கணக்கில் அதற்குள்தான் குடித்தனம். மேலாளர் கலர் கலராக அட்டவணை போட்டு வைத்திருந்தார். எதில் எழுதினால் தளம் சீக்கிரம் திறக்கும், எதற்கு ஊர் உலகத்தில் பேர் அதிகம், எல்லாம் அதில் இருந்தது.

"எல்லாம் சரி சார். எழுதுறவங்களுக்கு எது சுளுவா இருக்கும்னு ஒரு கட்டம் போடலையே?"

"அதை எப்படிம்மா அளக்கறது?"

அக்கா குனிந்து அவர் காலைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு தன் வழியிலேயே அளந்தார். பெயர், நாள், நேரம் கேட்கும் ஒரே சின்னப் படிவம்; அதை மூன்று ஃபிரேம்வொர்க்கிலும் எழுத வேண்டும், அவர் ஒளித்து வைத்த தப்பு ஒன்றைக் கண்டுபிடிக்கவும் வேண்டும். உட்கார்ந்தது இரண்டு பேர். ஒருத்தி மின்னல்: காப்பகம் மூடுவதற்குள் குழந்தையை அழைக்க ஓடுவதால் வந்த பேர். வேலை இழுத்தால் அந்தப் பிஞ்சு வாசலில் ஒற்றையாக நிற்கும். இன்னொருவன் மௌனி, பேருக்கேற்ற ஆள்.

முதலாவது, ஊரே கொண்டாடுவது. ஒரு வரியை மாற்றினால் போதும், திரை யோசனையில் ஆழ்ந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் எதிர்க்கட்டடத்தைச் சாவகாசமாகத் தாண்டியது. மூவரும் வாய் பிளந்து அதையே பார்த்திருந்தார்கள். மௌனியின் கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது.

இரண்டாவது, அக்காவின் உயிர். தூக்கத்தில் எழுப்பினாலும் அதில் எழுதுவார். ஆனால் இவர்கள் இரண்டு பேருக்கும், "அக்கா, இது எங்க இருக்கு?" "அக்கா, இதை எப்படிக் கூப்பிடணும்?" என்று நாற்காலிகள் அவர் பக்கமே உருண்டு வந்தன. அக்காவுக்கு அது இனிக்கத்தான் செய்தது. மின்னல் கடிகாரத்தைப் பார்த்தபோது அந்த இனிப்பு கசந்துவிட்டது.

மூன்றாவதை அக்கா தொட்டதே இல்லை. மத்தியான வெயில் தரையில் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. அறையில் பேச்சில்லை. தப்பு எந்த வரியில் என்று அதுவே பளிச்சென்று சொல்லிவிட, மின்னல் "அட!" என்றாள், அவ்வளவுதான். அவள் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மௌனி, சாட்சாத் அந்த மௌனி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்! அக்காவின் கையில் வெந்நீர் ஆறிப்போயிருந்தது. இவ்வளவு நேரமாக யாருமே தன்னைக் கூப்பிடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"மூணாவதுதான் சார்."

மேலாளர் நிமிர்ந்தார். "அது உங்களுக்குத் தெரியாதேம்மா? ரெண்டாவதுல நீங்க ராணியாச்சே."

"ராணிதான் சார். அதுக்காக எல்லாரும் என் வாசல்லயே நிக்கணுமா? இவ நேரத்துக்கு வீட்டுக்குப் போகணும்ல."

சொல்லிவிட்டாரே ஒழிய, அழுகை முட்டிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருஷத்து விரல்பழக்கத்தை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது லேசுப்பட்ட காரியமா?

மறுநாள் காலையில் அவருடைய நாற்காலி மின்னலின் மேசைக்கு உருண்டு போனது. முதல் வரி எழுதினார்; சிவப்பாக ஏதோ வந்தது. அழித்தார், மறுபடி சிவப்பு. மின்னல் உதவ வாயெடுத்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டு மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். மாட்டிய செருப்பு மாட்டியபடியே இருக்க, அக்காவின் கால் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தது.

அவள் குனிந்ததை அக்கா கவனித்துவிட்டார். இடது கையால் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.