வீட்டோடு நிறுத்தப்பட்டவள்

ஏழைக்கு வாழ்க்கைப்படக் கூடாதவள் என்ற பொருளில்தான் உடெமெசுவே தன் கடைசி மகளுக்கு ஒக்பென்யானு என்று பெயர் வைத்தார். பிறகு ஏழை, பணக்காரன் யாருக்குமே அவளைக் கட்டிக்கொடுக்கவில்லை.

அவருக்கு நான்கும் பெண்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று பேர் புருஷன் வீட்டில் இருந்தார்கள். நான்காமவளைக் கேட்டு அனேனே வந்தான். ஒனிட்சா நகரத்தில் சைக்கிள் பழுது பார்ப்பவன். சிரித்தால் முன்பல் இடுக்கு தெரியும். சொந்தக்காரர்களோடு இரண்டு குடுவை கள் சுமந்து வந்தான். பெண் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை மாப்பிள்ளையிடம் நீட்டினால் சம்மதம் என்று அர்த்தம். எண்ணெய் தேய்த்து, இடுப்பில் மணிகட்டி, அவள் கோப்பைக்காகக் காத்து நின்றாள். அப்பா குடுவையைத் திறக்கவே இல்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்க. இவ வீட்டோட இருக்கப் போறா."

ஆண்பிள்ளை இல்லாதவர் கண்ணை மூடினால் முன்கூடமும் நிலமும் பங்காளிகளுக்கு. மகளையே ஆணாக வைத்து, அவள் வீட்டிலிருந்தபடி பிள்ளை பெற்றால் அது தாத்தாவின் பிள்ளையாகிவிடும். உமுயேசே ஊரில் இது பழைய வழக்கம்தான். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பங்காளிகளில் மூத்தவர் இக்வெமேசி. அவர் முன்னோர் கோலைத் தரையில் தட்டி, "இன்னையிலேருந்து இவ ஆம்பளை" என்றார். ஆண்களுக்கு மட்டுமே தரும் கோலா கொட்டைத் துண்டு அவள் கையில் விழுந்தது.

"அப்போ இனிமே கூட்டத்துல உக்காந்து நானும் பேசலாமா?" என்று கேட்டாள்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பேசறதுக்கு நாங்க இருக்கோம். நீ பெத்துக்குடு தாயி, போதும்" என்றார் இக்வெமேசி.

பிள்ளைக்குத் தகப்பன் யாராக இருந்தாலும் அப்பாவுக்கு ஒன்றுதான். அந்த ஒரு சலுகையை நம்பி அவள் லாரி ஏறி ஒனிட்சாவுக்குப் போனாள். அனேனே சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாசல் வழியா வந்தேன், தொரத்தி விட்டாரு. இப்ப கொல்லைப்பக்கமா வந்து புள்ளை குடுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன பொலிகிடாவா?"

அடுத்த லாரியில் திரும்பினாள்.

அதன்பின் வேறு ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒரு பெண் பிறந்தாள், நொன்யெலும். பேத்தி முகத்தைப் பார்க்க அப்பா நான்கு நாள் எடுத்துக்கொண்டார். அடுத்து இரண்டு தங்கவில்லை. சந்தையில் பெண்கள், "என்னடி ஆம்பளை, தாடி முளைச்சுதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒன்பதாம் வருஷம் ஒரு பையன் பிறந்தான். இந்த வாசல் அடையாதிருக்கட்டும் என்று அமயெச்சினா எனப் பெயரிட்டு, அப்பா தானே துப்பாக்கி எடுத்து வானத்தைப் பார்த்துச் சுட்டார். அன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பையனுக்கு நான்கு வயதானபோது, அறுபது தாண்டிய அப்பா இன்னொருவர் வீட்டுக்குக் கள் சுமந்துபோய் உலுன்மாவைக் கூட்டிவந்தார். மகளைவிடப் பத்து வயது இளையவள். அடுத்த வருஷமே ஆண்பிள்ளை, எஜிகே.

"பெத்த புள்ளை வந்துட்டான். பேரன் பேரன்தான்" என்றார் அப்பா.

"அப்ப நான்?"

"உன்னை யாரு கட்டிப்போட்டா? இனிமே யார் கள்ளு கொண்டு வந்தாலும் வாங்கிக்கறேன்."

அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று. குழம்புக்குக் கசப்புக்கீரையை அலசப் போனாள். நரம்பு மட்டும் மிஞ்சும்வரை கசக்கினாள்.

மூன்று வருஷம் கழித்து அப்பா இறந்தார். அந்த வீட்டில் பிறந்த பெண்களெல்லாம் ஒரே நிறத் துணி கட்டி வந்து பாயில் அமர்ந்தார்கள். அவளும் போனாள்.

அக்கா எகெம்மா தடுத்தாள். "நீ எங்கடி இங்க? உன்னைத்தான் ஆம்பளைன்னு எண்ணிட்டாங்களே."

ஆண்கள் பக்கம் போனாள். "பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்றார் இக்வெமேசி.

இழவுக்குக் கட்டியிருந்த மாட்டின் பக்கத்தில், மகன் கையைப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். முதல் பிடி மண்ணை மூன்று வயது எஜிகேயின் கையில் வைத்துப் போடச் செய்தார்கள்.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. பட்டினியில் எஜிகேயின் கால் வீங்கி, முடி செம்பட்டையானது. கிடைத்த பல்லியையும் மரவள்ளி இலையையும் வேகவைத்து, தன் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்தாள். பிழைத்துக்கொண்டான்.

போர் முடிந்த இரண்டாம் வருஷம் நொன்யெலுமைக் கேட்டு எனுகுவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முன்கூடத்தின் நடுவில் எஜிகேயை உட்கார வைத்திருந்தார்கள். வயது ஒன்பது. கால் தரையில் படவில்லை.

"வாரிசு உக்காந்திருக்கான். கள்ளை அவன் முன்னால வைங்க" என்றார் இக்வெமேசி.

ஒக்பென்யானு எழுந்து வந்து குடுவையைத் தூக்கினாள்.

"இவளைப் பெத்தது யாரு? ஆம்பளையா, பொம்பளையா? எதுன்னு வேணும்னாலும் சொல்லிக்குங்க. இது என் கள்ளு."

தானே திறந்து, ஊற்றி, முதல் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தாள். இரண்டாவதை மகளிடம் கொடுத்தாள். பங்காளிகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நொன்யெலும் ஒரு மிடறு குடித்துக் கோப்பையை மாப்பிள்ளையிடம் நீட்டினாள். கல்யாணம் நடந்துவிட்டது.

அதன்பிறகு அவளோடு யாரும் பேசக்கூடாது என்று ஊர் முடிவு செய்தது. அவள் மரவள்ளியைச் சந்தையில் தொடுவார் இல்லை. நிலம் பிரித்தபோது அமயெச்சினாவுக்கு ஒரு சாண்கூட இல்லை என்றார்கள். பதினான்கு வயது மகன் மூட்டை கட்டினான்.

"ஒரு கோப்பைக் கள்ளுக்கு என் பங்கையும் சேத்துக் குடிச்சிட்டியேம்மா."

அபா நகரத்துக்குப் போனவன் கடிதம்கூடப் போடவில்லை.

பதினொரு வருஷம் கழித்து எனுகுவில் மகள் வீட்டில் அவள் இறந்தாள். பெண்ணைப் புருஷன் ஊரில் புதைப்பார்கள். அவளுக்குப் புருஷன் இல்லை. ஆணை அப்பன் மண்ணில் புதைப்பார்கள்; அதைப் பங்காளிகள் மறுத்தார்கள். சொந்த மண்ணில்லாதவர்கள் கிடக்கும் நகரத்து இடுகாட்டில் நொன்யெலும் குழி வெட்டச் சொன்னாள்.

மறுநாள் எஜிகே இழவு முறைக்கு ஒரு வெள்ளாட்டோடு வந்தான். நல்ல உயரமாக வளர்ந்திருந்தான்.

"நான் எவ்வளவோ கேட்டேன், நொன்யே. அவங்க ஒத்துக்கல."

"நீதான வாரிசு? ஒனக்கு எதுக்கு அவங்க ஒத்துக்கணும்?"

அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஆட்டை வண்டியிலிருந்து இறக்க விடவில்லை.