சூளைக்குள் போன சாம்பிராணிப் புகை

எங்கள் ஊர்ச் சிவன் பழமலைநாதர் மேல் பாரத்தைப் போட்டு வாழ்கிறவர்களுக்கு, விருத்தாசலத்திலிருந்து செல்வி சொல்கிறேன்.

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரைக் காணவில்லை. நாங்கள் இருவரும் ஒரே பீங்கான் பட்டறையில்தான் வேலை. நான் பொம்மைக்கு வர்ணம் பூசுவேன், அவர் சூளைக்குள் சரக்கு அடுக்குவார். அன்று மதியத்தோடு வேலையை முடித்துவிட்டு, பெண்ணாடத்தில் அவர் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போவதாகப் பேச்சு. சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் இல்லை. என்னிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே ஆத்திரம். போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

சாயங்காலம் அவர் அக்கா கூப்பிட்டார். "என்னா செல்வி, தம்பி இன்னும் கிளம்பலியா? இங்க எல்லாரும் வந்துட்டாங்க."

சர்க்கரை உள்ள மனிதர். பஸ் ஸ்டாண்டில் தேடினோம், ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். எங்கேயும் இல்லை. என் தாலி போயிற்று என்றே நினைத்தேன்.

சூளையோ தயாராக இருந்தது. வாசலைச் செங்கல் வைத்து, மண் பூசி அடைத்திருந்தார்கள். எங்கள் பட்டறையில் முதல் நெருப்பை நான்தான் வைப்பேன். என் கைக்கு ராசி என்று மேஸ்திரிக்கு நம்பிக்கை. "நீ கும்புட்டுப் பத்த வச்சிடும்மா, நானும் கூட வந்து தேடறேன்" என்றார்.

எப்போதும் கற்பூரம்தான் காட்டுவோம். அன்று டப்பாவில் கற்பூரம் இல்லை. தலைக்குக் குளித்தால் எனக்கு நீர் கோத்துக்கொள்ளும் என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கட்டிச் சாம்பிராணி பையில் இருந்தது. டீ அடுப்பிலிருந்து கங்கு அள்ளி, சாம்பிராணியை நுணுக்கிப் போட்டு, சூளையின் அடுப்பு வாயில் வைத்தேன். புகை வெளியே வராமல் அப்படியே உள்ளே போனது. கண்ணை மூடினேன். வேண்டிக்கொள்ளவில்லை, பழமலைநாதரோடு சண்டைதான் போட்டேன்.

"எங்க வச்சிருக்க அவர? இப்பவே என் கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்து. இல்லன்னா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். சூளைக்குள் யாரோ இருமினார்கள்.

மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் இருமல். அது யார் இருமல் என்று எனக்குத் தெரியாதா? நான் கத்தினேனா, விழுந்தேனா, ஞாபகமில்லை. ஈர மண்ணைக் கையாலேயே பிய்த்துச் செங்கல்லை இழுத்துப் போட்டார்கள். சரக்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் இருட்டில் சுவரோரமாகக் கிடந்தார். கிளம்பும் முன் அடுக்கை ஒருதரம் பார்க்க உள்ளே போனவர், சாப்பிடாததால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருக்கிறார். பெண்ணாடம் போய்விட்டார் என்று நினைத்து வாசலை அடைத்துவிட்டார்கள். அந்தப் புகைதான் அவரை எழுப்பியது.

வெளியே தூக்கி வந்து கிடத்தினோம். "பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்டார். வாயில் சர்க்கரையைப் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மறுநாள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். இப்போதெல்லாம் மேஸ்திரி டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் வாசலை அடைக்கிறார்கள். முதல் நெருப்பு வைக்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன், அழுகைதான் வந்தது.

உங்களுக்கு என்ன கஷ்டமோ, அவனிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், திட்டிக்கூடக் கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்வதில்லை. அன்று மட்டும் டப்பாவில் கற்பூரம் இருந்திருந்தால், தாலி கட்டியவருக்கு நானே உயிரோடு கொள்ளி வைத்திருப்பேன்.