வங்காலை நாய்க் கிளினிக்

வங்காலை என்ற மீன்பிடி ஊருக்கு நாய்களுக்கு ஊசி போடப் போன முதல் நாள் எங்களுக்கு ஒரு நாயும் அகப்படவில்லை. வங்காலையில் நாய் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? கரையில் மீன் இறக்கினால் வியாபாரிகளுக்கு முதல் அவைதான் வந்து நிற்கும்.

நான் அப்போது மிருக வைத்தியரின் உதவியாளர். உண்மையில் எங்களை அவசரப்படுத்தியது மீன்பிடிப் பூனை. கண்டல் பற்றைகளில் ஒளிந்திருந்து, தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும் காட்டு மிருகம். உலகத்திலேயே அருகி வருகிற இனம். சதுப்பில் வைத்திருந்த தானியங்கிக் கமராவில் ஒரு தாய் இரண்டு குட்டிகளோடு விழுந்திருந்தது. அதேநேரம் பக்கத்து ஊர் நாய்களுக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்துவிட்டது. சளி, வலிப்பு, பிறகு சாவு. அது நாயிடமிருந்து மீன்பிடிப் பூனைக்கும் தொற்றும். இரண்டும் கரையில் ஒரே மீன் கழிவைத்தானே தின்கின்றன! பூனைகளைத் துரத்திப் பிடித்து ஊசி போட முடியாது. நாய்களுக்குப் போட்டால் குட்டிகள் தப்பும்.

எங்கள் சாரதி யோகன் முதல்நாளே ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "நாளைக்கு நாயளுக்கு ஊசி போட வருவினம்" என்று ஊர் முழுக்கக் கத்தியிருந்தான். நாங்கள் மேசை போட்டுக் காத்திருந்தோம். வெயில் ஏற ஏற டொக்டருக்கு எரிச்சலும் ஏறியது. அந்த நேரம் கடலுக்குள்ளிருந்து குரைப்புச் சத்தம். பார்த்தால், தூரத்தில் நின்ற வள்ளத்தில் நாய்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வள்ளத்துக்காரி மெற்றில்டா அக்கா, கருவாடு விற்கிறவர், இடுப்பில் கை வைத்தபடி டொக்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஊசி போட்டுக் கொல்லத்தானே வந்தனீங்கள்?"

அப்போதுதான் விளங்கியது. ஒரு காலத்தில் தெருநாய்களை ஊசி போட்டுக் கொன்றார்கள். அந்த ஊரில் நாய்க்கு ஊசி என்றால் சாவு. டொக்டர் வைரஸைப் பற்றி விளக்கத் தொடங்க, நான் குறுக்கிட்டேன். "அக்கா, பேரப்பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டு போறனீங்கள்தானே? அதைப்போல தடுப்பூசிதான் இதுவும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப கிளினிக் எண்டு சொல்லுறதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்?"

ஞாயிறு பூசை முடிய 'நாய்க் கிளினிக்' என்று பாதரே அறிவித்தார். அடேயப்பா, வந்த கூட்டம்! மீன் பெட்டிக்குள் வைத்துச் சைக்கிளில் வந்த நாய், குளிப்பாட்டிப் பவுடர் போட்ட நாய், சட்டை போட்ட நாய். இரவைக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கொடுக்கவே கூடாது, நாய்க்கு அது நஞ்சு என்று டொக்டர் பதறினார். இரண்டாவது ஊசிக்கு நாங்கள் கூப்பிடாமலே வந்தார்கள். என் உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எங்கும் வேலை செய்யவில்லை.

இளம் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான்: மருந்துப் பெட்டியைத் தூக்க முதல், நீங்கள் சொல்லப்போகும் சொல் அந்த ஊரில் எதைக் குறிக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மாரி முடிய கமராவில் இரண்டு குட்டிகளும் விழுந்தன, தாயளவு வளர்ந்து, ஒன்றின் வாயில் பெரிய மீனோடு. போனைத் தூக்கிக்கொண்டு மெற்றில்டா அக்காவிடம் ஓடி, உங்கள் நாய்களுக்குப் போட்ட ஊசியால் நோய் தொற்றாமல் தப்பிய குட்டிகள் இவை என்று காட்டினேன்.

"இது எங்கட வலையில களவெடுத்த மீன்" என்றார். பிறகு படத்தைக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். "சரி, தின்னட்டும். எங்கட நாயள் ஊசி குத்து வாங்கி வளத்த பிள்ளையள்தானே."