மலர்கொடி மாற்றி வைத்த கண்ட்ரோல் கீ

சூடான பிரிண்டர் வாசம், கூடவே பத்திரிகை அட்டையின் பசை வாசம்... அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டரில் நுழைந்தாலே மூக்கில் ஏறும். 2004 என்று ஞாபகம்.

தமிழ் ஃபான்ட் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. மதியம் வரை திருமானூர் மலர்கொடி, அதற்குப் பிறகு நான். ஆவணி முகூர்த்தம் முடிந்ததும் எங்களில் ஒருத்தர் போதும் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் தும்மினாலும் எனக்குச் சந்தேகம்தான்.

எழுந்து போகும் முன் கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுவாள். நான் கிட்டே போனால் இடது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்வாள். கேட்டால், "ஹேங் ஆவுதுடி... வேற ஒண்ணுமில்ல" என்பாள். நம்புகிற ஆளா நான்?

ஒரு நாள் தா.பழூர்க்காரர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகை. தாய்மாமன் பெயர் வரை அடித்துவிட்டேன். திடீரென்று மொத்தமும் காணோம்! திரையில் ஒரே ஒரு எழுத்து. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி...

நேரே முதலாளியிடம் போய்விட்டேன். "சார், மலருதான் ஏதோ பண்ணி வச்சிட்டுப் போறா."

மறுநாள் அவர் கேட்டதும் அவள் அழுதேவிட்டாள்.

"சுண்டு வெரல் மரத்துப் போவுதுங்க சார். கண்ட்ரோல் கீய எட்டி அமுத்த முடியல. தம்பி சி.டி.யில ஒரு சாஃப்ட்வேர் குடுத்தான். அதப் போட்டு கேப்ஸ் லாக்க கண்ட்ரோலா மாத்திக்கிட்டேன். போவும்போது பழையபடி மாத்தி, ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டுடுவேன்... பஸ்ஸுக்கு ஓடுன அவசரத்துல ரெண்டு நாளு மறந்துட்டேன்."

கேப்ஸ் லாக் பக்கத்தில்தான் ஏ எழுத்து. என் விரல் இரண்டிலும் சேர்ந்து பட்டிருக்கிறது. கண்ட்ரோலோடு ஏ சேர்ந்தால் எல்லாம் செலக்ட் ஆகிவிடும்; அடுத்த எழுத்தை அடித்ததும் மொத்தமும் போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

முதலாளி அவள் கையைப் பார்த்தார். "கை வராதுன்னா டைப்பிங்குக்கு ஏம்மா வர்ற?"

ஆவணி வரைகூட அவளை வைத்துக்கொள்ளவில்லை. வேலை எனக்கு.

இப்போது சென்னை ஆபீஸில் மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒரு மெயில் போட்டால் போதும், மறுநாளே புது கீபோர்டு மேசைக்கு வருகிறது. யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. வெட்கமாக இருக்கிறது, அவளை நினைத்தால்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று சில நேரம் அவள் மேல் கோபம்கூட வரும். ஆனால்... சொல்லியிருந்தால் முதலாளியிடம் போட்டுக் கொடுக்காமல் இருந்திருப்பேனா? தெரியவில்லை. அந்த வயதில் இருந்த என் மேல் எனக்கே நம்பிக்கையில்லை.