கவுண்டர் குரல்

சர்வீஸ் சென்டரில் அவருக்குப் பஞ்சு என்று பெயர். கெட்டுப்போன மிக்ஸி, ஃபிரிட்ஜ், தையல் மெஷின் மோட்டார் எல்லாம் வந்து குவிகிற இடம் அது. உள்ளே மெக்கானிக்குகள். வெளியே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர். பழுது பார்த்து வாங்கிப்போன பொருள் மறுபடி படுத்துவிட்டால், ஜனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு ரத்தம் கொதிக்க வருவார்கள். உள்ளேயிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

"பஞ்சுகிட்ட அனுப்புப்பா. எவ்வளவு ஊத்தினாலும் உறிஞ்சிடுவாரு."

உறிஞ்சத்தான் செய்தார். வந்தவர் குரலை உயர்த்த உயர்த்த இவர் தாழ்த்திக்கொண்டே போவார். என்ன சொல்கிறார் என்று காதில் விழவாவது எதிராளி தொண்டையை இறக்கியாக வேண்டும். பிறகு நாற்காலியைக் காட்டுவார். "முதல்ல உட்காருங்க." உட்கார்ந்துகொண்டு முழு மூச்சாகக் கத்துவது கொஞ்சம் சிரமமான காரியம். அப்புறம், வந்தவர் மனசில் ஓடுவதை அவருக்கே எடுத்துச் சொல்லி, "இல்லையா?" என்று முடிப்பார். அந்த 'இல்லையா'வில் பாதிப்பேர் கண் கலங்கிவிடுவார்கள். பொருள் என்னவோ கெட்டது கெட்டபடிதான் கிடக்கும்.

அவர் மனைவியும் அப்படி வந்தவள்தான். தையல்காரி. புகை கக்கின மோட்டாரை மேஜைமேல் தடாலென்று வைத்து, அந்தக் கட்டடமே அதிரக் கத்தினாள். அவர் அவளை உட்காரவைத்து, "இது கோபம் இல்லைங்க. வேலை நின்னுபோச்சேங்கிற பயம். இல்லையா?" என்றார். பெற்றவர்களுக்கும் புரியாத ஒன்றை ஒரு கவுண்டர்க்காரன் சொல்லிவிட்டானே என்று அவளுக்கு ஆச்சரியம். மோட்டாரில் கருகின வாடை போகவேயில்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவரைப் பிடித்துப்போயிருந்தது.

கல்யாணமாகி ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகுதான், உறிஞ்சினதெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்தாள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தார். காலையில் வெறும் வயிற்றில் எரிச்சல். பிடரியைப் பிடித்துக்கொண்டே பல் தேய்ப்பார். பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் தேய்ஞ்சு மொட்டையாயிருக்கே! தூக்கத்துல யாரைக் கடிக்கிறீங்க?" என்று சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். உணர்ச்சியைக் கையாளத் தெரிந்தவனுக்கு ரத்த அழுத்தம் ஏறாது, நன்றாகத் தூங்குவான், நோய் நொடி அண்டாது என்றெல்லாம் சொல்லி, "இதோ உதாரணம்" என்று அவரைக் கைகாட்டினாராம். எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். அதை வீட்டில் வந்து சொல்லும்போது, வாயில் வயிற்றெரிச்சல் மாத்திரையைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு அடுத்தவன் உணர்ச்சியைச் சொன்னாரா, நம்ம உணர்ச்சியைச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

ஒருநாள் வேண்டுமென்றே அவருடைய புதுச் சட்டையில் இஸ்திரிப்பெட்டியை வைத்துப் பொசுக்கினாள். ஒரே ஒரு தடவை, சண்டாளின்னாவது திட்டட்டும், உள்ளே இருப்பது வெளியே வரட்டும் என்று. அவர் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்து, "பரவாயில்ல, கலர் எனக்கு அவ்வளவா எடுக்கலை" என்றார். அன்று மத்தியானம் முழுக்க, தலைவலி என்று நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுத்துக் கிடந்தார்.

இடது கை மரத்துப்போகிறது என்று அவர் வாய்தவறிச் சொன்ன அன்றே, அவள் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நெஞ்சை அடைக்குது, கை மரத்துப்போகுதுன்னு உள்ளபடி சொல்லணும். கேட்டுச்சா?" என்று வழியெல்லாம் படித்துப்படித்துச் சொன்னாள்.

"சொல்றேம்மா."

அவர்களுக்கு முன்னால் போனவர் டாக்டரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுக் கதவை அறைந்துகொண்டு வந்தார். இவர் அவளோடு உள்ளே போனார். டாக்டரின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

"காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை போலிருக்கே டாக்டர்?"

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். ஆள் பற்றாக்குறை, மேலிடத்துத் தொல்லை, மகள் பேசாமல் இருப்பது எல்லாவற்றையும் கொட்டினார். நோயாளி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் அவள், "டாக்டர், இவருக்குக் கை..." என்றாள்.

"இவ எதையும் பெருசா எடுத்துப்பா. வெறும் கேஸ் டிரபிள்தான் டாக்டர்."

"எதுக்கும் ஒரு ஈ.சி.ஜி. பார்த்துடலாமா?"

"நீங்க சொன்னா சரி. ஆனா வெளியில கூட்டம் ரொம்ப. இப்பவே நொந்துபோயிருக்கீங்க."

டாக்டர் கதவைப் பார்த்தார். பேனா வயிற்று மாத்திரையை எழுதியது. "எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எங்களுக்கு ஏங்க இவ்வளவு பாடு?" என்று எழுந்து கைகொடுத்தார்.

அடுத்த வாரம் கவுண்டரிலேயே விழுந்தார். மிக்ஸியோடு வந்து கத்திக்கொண்டிருந்தவர்தான் ஆம்புலன்ஸில் கூடவே வந்தார். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க பதறாதீங்க சார்'னு எனக்குச் சொல்றாரும்மா" என்று அவளிடம் அழுதார்.

உயிர் தங்கியது. இதயத்தின் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரியின் இதய டாக்டர். இனி அந்தக் கவுண்டர் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவள் மனசுக்குள் கணக்கெல்லாம் போட்டுவிட்டாள்: தையல் போதும், அவர் பட்டன் கட்டிக் கொடுத்தால் போதும், ஆள் இருந்தால் போதும்.

மேனேஜர் ஆப்பிளோடு வார்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "நேத்து மெக்கானிக்கை ஒருத்தன் அறைஞ்சிட்டான். புதுசா போட்ட பொண்ணு அழுதுகிட்டே ஓடிப்போச்சு. என் வேலையே போயிடும் போலிருக்கு. மெதுவா வாங்க, அவசரமில்ல. ஆனா வந்துடுவீங்கல்ல?"

"வரமாட்டாரு" என்றாள் அவள். "உள்ள பாதி செத்துக் கிடக்கு. இன்னும் எதைக் குடுக்கிறது? அவருக்கு வலிக்குது சார். வாயைத் திறந்து சொல்லத் தெரியாது. நான் சொல்றேன், வலிக்குது!"

குரல் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணெல்லாம் கணவர் முகத்தில்தான். ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

அவர் மேனேஜரைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, கட்டிலருகே கிடந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினார்.

"முதல்ல உட்காரும்மா" என்றார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. கேட்பதற்கு அவள் குனிய வேண்டியிருந்தது. "இது சார் மேல கோபம் இல்ல. எனக்கு ஏதாவது ஆயிடுமோங்கிற பயம். இல்லையா?"

அத்தனையும் சரி. ஒரு சொல் பிசகவில்லை. அவள் தன்னையறியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது எந்த நாற்காலி என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

மேனேஜர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, ஆப்பிள் பையை அவள் மடியில் வைத்தார்.